சிபியு 30 விழுக்காடு, பதிலுக்கோ 2.5 நொடி: எங்கே அடைக்கிறது?

பொரிகடலை:
பஸ் டிக்கெட் முன்பதிவு மென்பொருள் ஒன்றுக்குச் சுமைச் சோதனை நடத்துகிறேன். ஸ்பிரிங் பூட் (ஜாவா வலைச்செயலிக் கட்டமைப்பு), போஸ்ட்கிரெஸ் (தரவுத்தளம்). இயல்பு அமைப்புகள் எதையும் மாற்றவில்லை. பல பயனர்கள் போலக் கோரிக்கை அனுப்பும் ஜேமீட்டர் கருவியில் ஒரே பயனர் என்றால் பதில் 50 மில்லிநொடியில் வருகிறது. 100 பேர் என்றால் அரை நொடி, 500 பேர் என்றால் 2.5 நொடி. நொடிக்கு 200 கோரிக்கைக்கு மேல் நகர மறுக்கிறது. சிபியு எங்கும் 30 விழுக்காட்டைத் தாண்டவில்லை, பிழையும் இல்லை. 500 பேர் சோதனையின்போது சர்வர் லாகில் மட்டும் 1 நொடி என்றே பதிவாகிறது. மீதி 1.5 நொடி எங்கே போகிறது?

சேர்வராயன்:
நெட்வொர்க்கில் போகிறது. இன்னொரு சர்வரைச் சேர்த்துப் பாருங்கள், உடனே இரட்டிப்பாகும். பல முறை செய்திருக்கிறோம்.

கணக்கன்:
இரட்டிப்பாகும், மறுக்கவில்லை. ஏன் என்று தெரியாமலேயே இரட்டிப்பாகும், அதுதான் ஆபத்து. ஹிகாரி கனெக்‌ஷன் பூலின் (தரவுத்தளத்துக்கு முன்பே திறந்துவைத்த இணைப்புகளின் தொகுப்பு) இயல்பு அளவு 10. ஒவ்வொரு கோரிக்கையும் ஓர் இணைப்பை 50 மில்லிநொடி பிடித்துவைத்தால் நொடிக்கு 200தான் முடியும். இரண்டாவது சர்வர் வந்தால் இன்னொரு 10 இணைப்பு வரும். நீங்கள் வாங்கியது சர்வர் அல்ல, பத்து இணைப்பு!

நெட்வொர்க் மேல் பழி போடுவதும் பொருந்தவில்லை. அதே கம்பிதானே 100 பேர் சோதனையிலும் இருந்தது? ஸ்பிரிங் பூட்டுக்குள் இருக்கும் வலைச் சர்வரான டாம்கேட்டின் இயல்பு த்ரெட் எண்ணிக்கை, அதாவது ஒரே நேரத்தில் அது கையாளும் கோரிக்கைகள், 200. உள்ளே 200 பேர், நொடிக்கு 200 பேர் வெளியேறுகிறார்கள் என்றால் ஒருவர் உள்ளே இருக்கும் நேரம் 1 நொடி. லாகில் பார்த்தது அதுதான். எஞ்சிய 300 பேர் த்ரெட் கிடைக்காமல் வாசலில் நிற்கிறார்கள். 300ஐ 200ஆல் வகுத்தால் 1.5. உள்ளே இருப்போர் = வெளியேறும் வேகம் × தங்கும் நேரம்; ஜான் லிட்டில் 1961இல் நிறுவிய விதி இது. லாக் வாசலைப் பார்ப்பதில்லை.

சேர்வராயன்:
சரி, அப்படியானால் பூலை 100 ஆக்குங்கள். ஒரு வரி மாற்றம். இதற்கு 1961 வரை போக வேண்டுமா?

கணக்கன்:
போஸ்ட்கிரெஸ் இயல்பாக ஏற்பதே 100 இணைப்பு. அதிலும் 3 நிர்வாகிக்கு ஒதுக்கியவை. நாளை நீங்கள் ஆசைப்பட்ட இரண்டாவது சர்வர் வந்தால் எங்கே உட்காரும்? அளவைக் கூட்டுமுன், இணைப்பை ஏன் 50 மில்லிநொடி பிடித்திருக்கிறது என்று பார்க்க வேண்டாமா?

மூன்றாம்சாமம்:
இருவரும் சோதனையையே நம்பிவிட்டீர்கள். ஜேமீட்டரின் சாதாரண த்ரெட் குரூப்பில் (போலிப் பயனர் கூட்டத்தில்) ஒவ்வொரு பயனரும் பதில் வந்த பிறகே அடுத்ததைக் கேட்பார். சர்வர் தள்ளாடினால் சோதனையும் கூடவே மெதுவாகிவிடும். பண்டிகைக்கால முன்பதிவு திறக்கும் காலையில் மக்கள் அப்படியா வருவார்கள்? நொடிக்கு 250 பேர் வந்தால் நொடிக்கு 50 பேர் மிஞ்சுவார்கள்; ஒரு நிமிடத்தில் 3000. கடைசியில் நிற்பவருக்கு 15 நொடி. உங்கள் 2.5 நொடி அறிக்கையில் இது தெரியவே தெரியாது. வருகை வேகத்தை நிலையாக வைத்து கே6 போன்ற கருவியில் மறுபடி ஓட்டுங்கள்.

சேர்வராயன்:
அறிக்கை எப்படி வந்தாலும் அடைப்பு அதே இடத்தில்தானே?

மூன்றாம்சாமம்:
இடம் அதேதான். ஆனால் 2.5 நொடி என்று சொன்னால் மேலாளர் “பரவாயில்லை” என்பார். 15 நொடி என்றால் சொல்ல மாட்டார்.

பொரிகடலை:
பார்த்துவிட்டேன். பூலில் காத்திருப்போர் 190. தரவுத்தள வினவல்கள் எல்லாம் சேர்ந்தே 8 மில்லிநொடிதான். மீதி 42, கட்டண நிறுவனத்தின் ஒப்புதலுக்குக் காத்திருப்பது. அந்த அழைப்பு தரவுத்தளப் பரிவர்த்தனைக்குள்ளேயே (முழுதும் நிறைவேறும் அல்லது முழுதும் ரத்தாகும் தொகுப்பு) நடக்கிறது; அது முடியும்வரை இணைப்பும் பிடிபட்டிருக்கிறது.

கணக்கன்:
வெளியே எடுங்கள். 8 மில்லிநொடி என்றால் அதே 10 இணைப்பில் நொடிக்கு 1250 வரை இடமிருக்கும். அதற்கு முன்பே, 650 வாக்கில் சிபியு நிரம்பும். அப்போது சேர்வராயனின் சர்வரை வாங்கலாம்.

சேர்வராயன்:
கணக்கு அழகு. பணம் பிடித்தபின் இருக்கை பதிவாகாவிட்டால்? பரிவர்த்தனைக்குள் வைத்தவர் அந்தப் பயத்தில்தான் வைத்திருப்பார்.

கணக்கன்:
உள்ளே வைத்தாலும் தரவுத்தளம் பின்வாங்கும், பணம் பின்வாங்காது. முதலில் இருக்கையை ‘நிலுவை’ என்று பதிந்துவிட்டு இணைப்பை விடுங்கள். ஒப்புதல் வந்ததும் இன்னொரு சிறு பரிவர்த்தனையில் உறுதிசெய்யுங்கள்.

சேர்வராயன்:
நிலுவையிலேயே தொங்கும் இருக்கைகளை விடுவிக்க இன்னொரு நிரல், அதற்கு இன்னொரு சோதனை. அதுவரை பூல் 20 என்று வைத்து வெளியிடுங்கள், பொரிகடலை.