துண்டாடியா, இணைவாடியா?

வணக்கம்.

பெரிய தொலைகாட்டிகளில் அறுகோண ஆடிகளைப் பக்கம் பக்கமாக அடுக்கி ஒரே ஆடியாக்குகிறார்களே, அதற்கு (segmented mirror) நம் அகராதியில் போடவென்று போன மடலில் வந்த ‘துண்டாடி’ (துண்டு + ஆடி) எனக்கு ஒத்துவரவில்லை. கொழும்பு வெள்ளவத்தையில் என்னிடம் உயர்தரம் படிக்கும் பிள்ளைகளுக்குப் பலகையில் எழுதிக் காட்டினேன். “எதைத் துண்டாடி, சேர்?” என்று கேட்டாள் ஒருத்தி. பெயர்ச்சொல் வினையெச்சமாகிவிட்டது!

பொருளும் இடிக்கிறது. இந்த ஆடியின் சூட்சுமமே சேர்க்கையில்தான். ஹவாயிலுள்ள கெக் தொலைகாட்டியின் 10 மீற்றர் ஆடியில் 1.8 மீற்றர் அகலத்தில் 36 துண்டங்கள். எல்லாம் ஒரே புள்ளிக்கு ஒளியை அனுப்பினால் போதாது, அவத்தையும் (அலையின் ஏற்ற இறக்க நிலை, phase) ஒத்துப்போக வேண்டும். இல்லாவிட்டால் வெளிச்சம் 10 மீற்றருக்குரியது கிடைக்கும். கூர்மையோ, வளிமண்டலக் கலக்கத்தை எவ்வளவு திருத்தினாலும், 1.8 மீற்றரோடு நின்றுவிடும். ஒரு துண்டம் அயல் துண்டத்தைவிட 140 நனோமீற்றர் அளவு உயர்ந்தாலே போதும். தெறித்த ஒளியின் பாதையில் அது இரட்டிப்பாகி, பச்சை ஒளிக்கு அரை அலைநீளம் பிசகும்; இரு துண்டங்களின் அலைகளும் ஒன்றையொன்று அழிக்கும். அதனால்தான் விளிம்புகளில் உணரிகளை வைத்து ஓயாமல் திருத்துகிறார்கள்.

ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைகாட்டி 2022 தொடக்கத்தில் ஒரேயொரு விண்மீனைப் பார்த்தபோது படத்தில் 18 புள்ளிகள், துண்டத்துக்கு ஒன்று. அந்த நிலையில் ‘துண்டாடி’ என்றிருந்தால் நான் வாயே திறந்திருக்க மாட்டேன்.

ஆகவே என் தெரிவு ‘இணைவாடி’. தளவாடி, குழிவாடி படித்த நம்மவர் நாக்கில் சட்டென ஒட்டும். ‘இணையாடி’ வேண்டாம், சோடி என்று நினைப்பார்கள். தனிக்கூறுக்குத் ‘துண்டம்’ போதும்; வட்டத்துண்டம் ஏற்கெனவே கேத்திரகணிதத்தில் இருக்கிறது.

‘இணைவு’ என்றால் மூட்டுகளை மறைப்பதாகாதா என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். படத்தில் அவற்றின் தடம் தெரியும்தான். அறுகோண விளிம்புகளில் ஒளி கோணலுற்று (வளைந்து பரவி), வெப் படங்களில் பிரகாசமான விண்மீன்களைச் சுற்றி ஆறு கதிர்கள் நீள்கின்றன. (பக்கவாட்டிலுள்ள சிறு கதிர்கள் இரண்டும் தாங்குகம்பியின் வேலை.) விண்மீனுக்கு அருகே மங்கலான கோளைத் தேடுபவருக்கு இது தலையிடி. சிலியில் எழும் 39 மீற்றர் தொலைகாட்டியில் 798 துண்டங்கள், விளிம்புகளை நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள். இலங்கையில் நாங்கள் கோணல் (diffraction) என்பதைத் தமிழ்நாட்டில் ‘விளிம்பு விளைவு’ என்கிறீர்கள். இந்த இடத்துக்கு உங்கள் சொல்லே பொருத்தம், விட்டுத்தருகிறேன்.

ஆனால் துண்டங்களின் அவத்தையை ஒன்றாக்கும் வேலைக்கு ‘அவத்தைப் பொருத்தம்’தான். அவத்தை உங்களுக்குக் கட்டம். ‘கட்டப் பொருத்தம்’ என்று அகராதியில் போட்டால் ஆட்கள் சாதகக் குறிப்போடு வந்து நிற்பார்கள்.