1984 பத்மினி: தரைத்தகடு வெட்டும் முன் ஒரு சந்தேகம்

அப்பாவின் பிரீமியர் பத்மினி கார், 1984 மாடல். 1089 சிசி எஞ்சின் இன்றும் ஒரே செல்ஃபில் கிளம்புகிறது. சிக்கல் முழுக்கத் தகரத்தில். இருப்பது தூத்துக்குடி, கடல் பக்கம். ஆறு வருடம் தார்ப்பாய் போட்டு மூடி வைத்தோம். அதுதான் தப்பு, உள்ளே ஈரம் தங்கிவிட்டது.

டிரைவர் பக்கம் கால்மிதியைத் தூக்கினால் ரோடு தெரிகிறது. கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிப் பகுதியை ஸ்க்ரூடிரைவரால் குத்தினால் பிஸ்கட் மாதிரி உதிர்கிறது.

ஜனவரியிலிருந்து ஞாயிறுதோறும் இதே வேலைதான். கம்பி பிரஷ், உப்புத்தாள், பாஸ்பாரிக் அமிலம் எல்லாம் ஆயிற்று. துரு போனது, ஓட்டை பெரிதானது. ஃபைபர் ஒட்டிப் பட்டி பார்த்தேன், ஒரே மாதத்தில் வெடிப்பு. 20 கேஜ் தகடு வைத்து வெல்டிங் அடித்தால் பழைய தகரம் உருகி ஓடுகிறது. தெரிந்த டிங்கர் ஒருவர், "பேசாம எடைக்குப் போட்டுடுங்க சார்" என்கிறார். மனசு வரவில்லை.

இந்த வண்டிக்குத் தனி சேசிஸ் கிடையாது, பாடியேதான் எலும்புக்கூடு. இப்போதே பின்கதவு லேசாகத் தொங்குகிறது. அழுகிய பகுதியை முழுசாக வெட்டும்போது பாடி வளையாமல் இருக்க, எந்த இடங்களில் ஸ்டாண்டு கொடுத்து, கதவு வாசலில் எப்படிக் குறுக்குக் கம்பி வைக்க வேண்டும்?