படப் புத்தகத்துல எழுத்துல வராத நரியைப் பிள்ளைங்களுக்கு எப்படி வாசிச்சுக் காட்டுறது?

தாராவி மாடி ரூம்:

வணக்கம். தாராவி 90 அடி ரோட்டுப் பக்கம் எங்க வீட்டு மாடி ரூம்ல சனிக்கிழமை சாயந்திரம் 11 பிள்ளைங்களுக்குப் புத்தகம் வாசிச்சுக் காட்டுறேன். எல்லாம் 5லேருந்து 8 வயசுக்குள்ள. வீட்டுல திருநெல்வேலித் தமிழ், சந்துல இந்தி, ஸ்கூல்ல இங்கிலீஷ் மீடியம். இங்கிலீஷை எழுத்துக் கூட்டிப் படிச்சிருவாங்க. என்ன படிச்சேன்னு கேட்டா முழிப்பாங்க. அது மனசுக்குக் கஷ்டமா இருந்ததாலதான் ஆரம்பிச்சேன்.

போன மாசம் மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிள் பிளாட்பாரக் கடையில 'ரோஸீஸ் வாக்'ங்கிற இங்கிலீஷ் படப் புத்தகத்தோட பழைய பிரதி ஒண்ணு 80 ரூபாய்க்குக் கிடைச்சுது. பேட் ஹட்சின்ஸ் எழுதி வரைஞ்சது, 1968ல வந்தது. ரோஸிங்கிற கோழி முற்றத்துக்குக் குறுக்கே நடந்து, குளத்தைச் சுத்தி, வைக்கோல் போர் மேல ஏறி, மில்லைத் தாண்டி, வேலிக்குள்ள நுழைஞ்சு, தேன்பெட்டிக்கு அடியில புகுந்து சாப்பாட்டு நேரத்துக்கு வீடு வந்து சேருது. அவ்வளவுதான். மொத்தம் 32 வார்த்தை, ஒரே வாக்கியம். பிள்ளைங்களுக்கு லேசா இருக்கும்னு எடுத்தேன்.

எப்பவும் போல ஒரு பக்கம் இங்கிலீஷ்ல வாசிச்சேன், புத்தகத்தை மடியில கவுத்து வச்சுட்டுத் தமிழ்ல அர்த்தம் சொன்னேன், அடுத்த பக்கம் போனேன். குளத்துப் பக்கம் வந்தப்போ முன்னால உக்காந்திருந்த ஆறு வயசுக் குட்டி முட்டிக்கால் போட்டு எழுந்து, பக்கத்துல விரலை வச்சு அழுத்தி, "அக்கா நரி! நரி பின்னாலயே வருது!"ன்னு கத்திச்சு. "இரும்மா, கதையில நரி இல்ல, நான் வாசிக்கிறதக் கேளு"ன்னுட்டேன். கையை எடுத்துக்கிட்டா. புத்தகம் முடியுற வரைக்கும் வாயைத் திறக்கல.

அன்னைக்கு ராத்திரி நான் மட்டும் மறுபடி புரட்டிப் பார்த்தேன். பக்கத்துக்குப் பக்கம் நரி இருக்கு. எழுத்துல நரிங்கிற சொல் ஒரு இடத்துல கூட இல்ல. அந்தப் பிள்ளை கதையைச் சரியாத்தான் படிச்சிருக்கா, அவளைப் போய் அடக்கிட்டேனேன்னு இன்னும் உறுத்துது.

அடுத்த வாரம் இதே புத்தகத்தைத்தான் எடுக்கப் போறேன். எப்படி வாசிக்கணும்? தமிழ்ல அர்த்தம் சொல்லலாமா, கூடாதா? எங்க சந்துக் கதையை வச்சு பிள்ளைங்களோட சேர்ந்து இதே மாதிரி ஒரு புத்தகம் பண்ணவும் ஆசை. எங்கேருந்து தொடங்குறது?

சயான் வாத்தியார்:

அம்மா, மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்தவன் நான். நீங்கள் செய்ததை நானும் பல வருஷம் செய்தேன். அந்தக் குழந்தையிடம் முதலில் போய், "நீ பார்த்தது சரி, நான் கவனிக்கலை" என்று சொல்லிவிடுங்கள். மற்ற பிள்ளைகள் கேட்கும்படி சொல்லுங்கள்.

புத்தகத்தை மடியில் கவிழ்க்காதீர்கள். ஒரு ஓரமாக அடியில் பிடித்து, பிள்ளைகள் பக்கம் திருப்பியே வைத்திருங்கள். முதல் தடவை வாசிக்கவே வேண்டாம். பக்கத்தை மட்டும் மெல்லத் திருப்புங்கள். தமிழோ இந்தியோ, வாயில் வருவதைப் பேசட்டும். இரண்டாம் தடவை இங்கிலீஷ் மட்டும், நிறுத்தாமல். அந்த ஒரே வாக்கியம் உடையாமல் காதில் விழ வேண்டும். நீங்கள் ஒவ்வொரு பக்கத்துக்கும் அர்த்தம் சொன்னபோது வாக்கியம் துண்டு துண்டாகப் போயிற்று.

இந்தப் புத்தகத்தின் கட்டுமானத்தைப் பாருங்கள். எழுத்துள்ள ஒரு விரிப்பு (விரித்தால் எதிரெதிரே தெரியும் இரண்டு பக்கம்), அதை அடுத்து எழுத்தில்லாத ஒரு விரிப்பு. முற்றத்துக் காட்சியில், எழுத்துள்ள பக்கத்தில் நரி பாய்கிறது, அதன் எதிரே தரையில் புல் வாரும் பல் வைத்த கட்டை கிடக்கிறது. பக்கத்தைத் திருப்பினால் அந்தக் கட்டை நரியின் மூஞ்சியில் அடிக்கிறது. திருப்புவதற்கு முன் கையை நிறுத்தி, "இப்ப என்ன ஆகும்?" என்று மட்டும் கேளுங்கள். திருப்பிய பிறகு நீங்கள் பேசக் கூடாது. அந்தப் பக்கம் பிள்ளைகளுடையது.

தமிழ் அர்த்தம் பற்றிக் கேட்டீர்கள். அக்ராஸ், அரவுண்ட், ஓவர், பாஸ்ட், த்ரூ, அண்டர் என்று ஆறு சொற்கள்தான் இந்தக் கதையின் முதுகெலும்பு. நம் மொழியில் குளம் முதலில் வரும், "சுற்றி" பிறகு வரும். இங்கிலீஷில் "அரவுண்ட்" முதலில், குளம் பிறகு. அது மட்டுமில்லை. ஓவர், பாஸ்ட், த்ரூ என்று அவர்கள் சொல்லுமிடத்தில் ஏறி, தாண்டி, நுழைந்து என்று நாம் வினையைச் சொல்கிறோம். உங்கள் பதிவிலேயே அப்படித்தான் எழுதியிருக்கிறீர்கள். அதனால் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் பிள்ளைக்குக் குழப்பம்தான் மிஞ்சும். சந்துக்குக் கூட்டிப் போங்கள். தண்ணீர்க் குழாயின் மேல் ஏறிப் போகும்போது ஓவர், துணிக்கொடிக்கு அடியில் குனிந்து போகும்போது அண்டர், டிரம்மைச் சுற்றும்போது அரவுண்ட். சொல்லிக்கொண்டே நடக்கட்டும். கால் கற்றதை வாய் மறக்காது.

ஆன்டாப் ஹில் அம்மா:

சார் சொல்றதுல எனக்கு ஒரு கவலை இருக்கு. எங்க வீட்டுல இங்கிலீஷ் பேச ஆளே கிடையாது. வாரத்துல ஒரு மணி நேரம் இப்படி ஒரு அக்கா கிடைச்சா, அங்கயும் தமிழ்லயே பேசிட்டு வந்தா என் பையன் இங்கிலீஷை எங்க சார் கேப்பான்? பீஸ் கட்டி இங்கிலீஷ் மீடியத்துல போட்டிருக்கோம்.

சயான் வாத்தியார்:

உங்கள் கவலை நியாயமானது அம்மா. புத்தகத்தின் வாக்கியத்தை இங்கிலீஷில்தான் கேட்பான், பத்து தடவை கேட்பான். படத்தைப் பற்றிய யோசனை மட்டும் அவனுக்கு வரும் மொழியில் நடக்கட்டும். "நரி ஏன் விழுந்தது?" என்று இங்கிலீஷில் கேட்டால் ஆறு வயதுப் பையன் "ஃபாக்ஸ் ஃபால்" என்று நிறுத்திவிடுவான். தமிழில் கேட்டால் காரணம் சொல்வான். காரணம் சொல்லப் பழகியவனுக்கு அடுத்த வருஷம் இங்கிலீஷிலும் அது வரும். ஒரு மாதம் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

அந்தேரி தூரிகை:

அக்கா, நான் குழந்தைப் புத்தகங்களுக்குப் படம் வரையுறவன். புத்தகம் பண்ற விஷயத்துக்கு மட்டும் நான் பதில் சொல்றேன்.

படப் புத்தகம் பெரும்பாலும் 32 பக்கம்தான் வரும். அச்சகத்துல பெரிய தாள்ல முன்னால எட்டு, பின்னால எட்டுப் பக்கம்னு அடிச்சு மூணு தடவை மடிச்சா 16 பக்கம் ஆகும். அப்படி ரெண்டு தாள். நீங்க வீட்டுல 4 ஏ4 தாளை நடுவுல மடிச்சுத் தைச்சா 16 பக்கம் வரும். பிள்ளைங்களுக்கு அது போதும். முதல்ல வெறும் தாள்ல ஒரு டம்மி, அதாவது மாதிரிப் புத்தகம், தைச்சிருங்க. ரெண்டு ரெண்டு பக்கமாத்தான் கண்ணு பார்க்கும், அதனால விரிச்சு வச்சே வரையச் சொல்லுங்க. நடு மடிப்புல மூஞ்சி வந்தா தையல்ல போயிரும், அதை மட்டும் முன்னாடியே சொல்லிருங்க.

எழுத விடாதீங்க, முதல்ல வரைய விடுங்க. எழுதிட்டு வரைஞ்சா எழுதினதையே படமா வரைவாங்க. "அம்மா குடத்தோட போறா"ன்னு படம் காட்டிடுச்சுன்னா அதையே எழுத்துல எதுக்குச் சொல்லணும்? படம் வரைஞ்ச பிறகு, அதுல தெரியாத ஒண்ணு இருந்தா அதை மட்டும் எழுதட்டும். காலைல மணி எத்தனைன்னு எழுதலாம், தண்ணி இன்னைக்கு எவ்வளவு நேரம் வந்துதுன்னு எழுதலாம்.

படத்தோட அளவும் பேசும். மாரிஸ் செண்டாக்கோட 'வேர் த வைல்ட் திங்ஸ் ஆர்', 1963ல வந்தது, கிடைச்சா எடுத்துப் பாருங்க. தொடக்கத்துல சுத்திலும் வெள்ளை விட்டு சின்னப் படம். பையன் கற்பனைக்குள்ள போகப் போகப் படம் வளர்ந்து வளர்ந்து, நடுவுல மூணு விரிப்பு முழுக்கப் படம், ஒரு எழுத்து கிடையாது. கடைசிப் பக்கத்துல படமே இல்ல, எழுத்து மட்டும். ரெண்டு வருஷம் அந்தப் புத்தகத்தை வச்சிருந்த பிறகுதான் எனக்கு அது கண்ணுல பட்டுது. உங்க பிள்ளைங்க ரூமைச் சின்னதா வரைஞ்சு, சந்து வர்ற படத்தைப் பெருசா வரையலாம்.

வாசிக்க இன்னும் புத்தகம் வேணும்னா பெங்களூரு பிரதம் புக்ஸோட ஸ்டோரிவீவர் இணையதளம் இருக்கு, 2015லேருந்து. காசு கிடையாது. ஒரே கதையைத் தமிழ்லயும் இங்கிலீஷ்லயும் எடுத்து அச்சடிச்சுக்கலாம்.

தாராவி மாடி ரூம்:

ரெண்டு சனிக்கிழமை கழிச்சு எழுதுறேன். சார் சொன்ன மாதிரியே எல்லாருக்கும் முன்னால அந்தக் குட்டிகிட்ட சொன்னேன். தலையைக் குனிஞ்சுக்கிட்டா, ஆனா அடுத்த நிமிஷம் முன்னால நகர்ந்து உக்காந்தா.

மில் பக்கம் வந்தப்போ பேசாம இருந்தேன். எங்க சந்து முனையில மாவு அரைக்கிற சக்கி இருக்கு, அதனால ஒரு பையன் "மாவு மூட்டை தொங்குது!"ன்னான். எல்லாரும் மூட்டையைப் பார்க்குறாங்க. இவ மட்டும் கோழியோட காலைக் காட்டி, "அக்கா, கால்ல கயிறு மாட்டியிருக்கு. அது நடந்தா மூட்டை கொட்டிரும்"னா. நான் அதுவரைக்கும் அந்தக் கயிறைப் பார்க்கவே இல்ல. திருப்பினேன், நரி மேல மாவு கொட்டிச்சு. கத்தின கத்துல கீழேருந்து எங்க மாமா ஏறி வந்துட்டாரு.

சந்துல நடந்தோம். த்ரூ மட்டும் யாருக்கும் பிடிபடல. ரெண்டு வீட்டு நடுவுல தோளை ஒடுக்கிக்கிட்டுப் போற சந்து ஒண்ணு இருக்கு, அதுல ஒவ்வொருத்தரா நுழைஞ்சு போன பிறகு வந்துருச்சு. ஒரு பொடியன் இப்போ வீட்டு வாசல்ல கூட "த்ரூ"ன்னு சொல்லிட்டுத்தான் போறானாம், அவங்க அம்மா சொன்னாங்க.

புத்தகமும் தொடங்கியாச்சு. 4 தாள், ஊசி நூல் போட்டுத் தைச்சோம். காலைல தண்ணி பிடிக்கிற கதை. குட்டி அவளோட விரிப்புல குடத்து வரிசை வரைஞ்சா, எண்ணினேன், 14 குடம். அடுத்த விரிப்புல குழாய் நின்னு போச்சு, எல்லார் மூஞ்சியும் குழாயைப் பார்க்குது. கீழ என்ன எழுதலாம்னு கேட்டேன். "வேணாம்க்கா. இது நீங்க பேசாத பக்கம்"னா.

தூரிகை தம்பி, ஒரு சந்தேகம். கிரேயான் எதிர்ப் பக்கத்துல ஒட்டி அழுக்காகுது. என்ன செய்ய?

அந்தேரி தூரிகை:

மூடி வைக்கும்போது நடுவுல பட்டர் பேப்பர் வையுங்க அக்கா. முடிஞ்சதும் ஸ்கேன் பண்ணி அனுப்புங்க, 11 பிரதி நான் பிரிண்ட் போட்டுத் தர்றேன்.