தாத்தாவின் சவரக்கத்திக்குத் தேக்குப் பிடி: பித்தளைப் பின் அடித்தால் மரம் பிளக்கிறது

கல்மண்டபத்தான்:
தாத்தா காசிமேட்டில் சலூன் வைத்திருந்தவர். அவருடைய கத்தி பரணில் கிடைத்தது, சோலிங்கன் என்று ஊர்ப்பெயர் பொறித்தது. துரு எடுத்துத் தீட்டிவிட்டேன். பழைய பிடி பொடியாக உதிர்ந்துவிட்டது, தேய்த்தால் கற்பூர வாசனை வருகிறது.

எங்கள் தெருவில் ஒரு பழைய வீட்டை இடித்தபோது தேக்கு நிலைக்கால் துண்டு வாங்கி வந்து, 3 மி.மீ. கனத்தில் பட்டைகள் அறுத்தேன். 1.6 மி.மீ. பித்தளைக் கம்பியைப் பின்னாக அடிக்கும்போது இரண்டு தடவையும் ஓட்டை வழியாக நீளவாக்கில் பிளந்துவிட்டது. வால் பக்கம் இரண்டு பட்டைக்கும் நடுவே ஒட்டிய ஆப்பும் விட்டுவிட்டது. இன்னும் ஒரு ஜோடிக்குத்தான் மரம் இருக்கிறது. பிரெஞ்ச் பாலிஷ் போடலாமா? அப்பாவிடம் கொடுக்கப்போகிறேன். சின்ன வயதில் தாத்தாவின் தோல் வாரில் இதைத் தீட்டிக்கொடுத்தவர் அவர்.

வியாசை தச்சன்:
தம்பி, மரத்தில் குறையில்லை. ஓங்கி அடித்தால் பித்தளை தலையில் மட்டும் விரியாது, ஓட்டைக்குள்ளேயும் பருக்கும். இறுக்கமான ஓட்டையில் மரத்துக்கு வேறு வழியில்லை, ரேகையோடு பிளந்துகொள்ளும். ஓட்டையை 1.7 போடுங்கள். இரண்டு பட்டையையும் டேப்பால் சேர்த்து ஒட்டி ஒரே தடவையில் துளையுங்கள். இரண்டு பக்கமும் வாஷர் போட்டு, அதற்கு மேல் கம்பி ஒரு மி.மீ. நீட்டியிருந்தால் போதும். சின்னக் குண்டுச் சுத்தியால், நகத்தைத் தட்டுகிற மாதிரி, இந்தப் பக்கம் நாலு, அந்தப் பக்கம் நாலு. நடுநடுவே கத்தியைத் திறந்து மூடிப் பாருங்கள். தானாகத் தொங்கக் கூடாது, விரலால் தள்ளினால் மெதுவாக வர வேண்டும். அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

ஆப்பு விட்டது தேக்கின் எண்ணெயால். அசிட்டோனில் துடைத்து, காய்ந்த உடனே ஒட்டுங்கள். அதன் வழியாகவும் ஒரு பின் போகட்டும். ஆப்பு கோணலானால் கத்தி மூடும்போது கூர் பட்டையில் உரசும்.

பிரெஞ்ச் பாலிஷ் வேண்டாம். மேஜை நாற்காலிக்கு அந்தப் பளபளப்பு வேறெதிலும் வராது, ஆனால் அது ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு. ஈரத்தில் வெளுக்கும், ஆஃப்டர்ஷேவ் பட்டால் கரைந்தே போகும். 400 உப்புத்தாள் வரை தேய்த்து, காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயை மெல்லிசாகத் தடவி, சற்று நேரத்தில் மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். நாலைந்து பூச்சு போதும். நம் பக்கத்துக் கடற்காற்றில் காய நாளாகும், பொறுங்கள். பின் அடிப்பதற்கு முன்பே இதை முடித்துவிட வேண்டும். எண்ணெய்த் துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள்.

மின்ட் மீனா:
கற்பூர வாசனை என்றால் அது செல்லுலாய்டு, அந்தக் காலத்துப் பிளாஸ்டிக். சிதையும்போது வரும் அமில ஆவி இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும். நினைவுக்காக எடுத்துவைத்தாலும் கத்தியோடு ஒரே பெட்டியில் வைக்காதீர்கள், விளக்குப் பக்கமும் கொண்டுபோகாதீர்கள். சட்டென்று பற்றிக்கொள்ளும்.

கல்மண்டபத்தான்:
அண்ணே, பிளக்கவில்லை! ஐந்து பூச்சு போட்டேன், முழுசாகக் காய மூன்று வாரம் ஆனது. நிலைக்காலில் பழைய ஆணி இருந்த இடத்துக் கறுப்புப் புள்ளி வெளியே தெரிகிற மாதிரி வைத்துத்தான் அறுத்தேன். மீனா அக்கா, பழைய பிடியைத் தனி டப்பாவில் வைத்துவிட்டேன்.

அப்பா கையில் வாங்கியதும் கட்டைவிரலால் பின் தலையைத் தடவிப் பார்த்தார். "வார் எங்கே?" என்று கேட்டார். இப்போது பரணில் அதைத்தான் தேடிக்கொண்டிருக்கிறோம்.