இரண்டு முறை ஃபார்மட் போட்டும் நிற்காத ப்ளூ ஸ்கிரீன்: எனக்கு நடந்தது, உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள்

கல்யாண ஆல்பம் வடிவமைப்பது என் தொழில், ஊர் தாராபுரம் பக்கம். வீட்டு முன்னறையில் இருக்கும் ஒரே கம்ப்யூட்டர்தான் என் கடை. போன வைகாசியில் முகூர்த்த வேலை குவிந்து கிடந்த நேரத்தில் அது திடீர் திடீரென்று ப்ளூ ஸ்கிரீன் காட்டி ரீஸ்டார்ட் ஆகத் தொடங்கியது. ஒரே நாளில் மூன்று முறை வரும், அப்புறம் நான்கு நாள் ஒன்றுமே இருக்காது. திரையில் வரும் பிழையின் பெயரும் ஒவ்வொரு முறையும் வேறு.

சர்வீஸ் கடையில் விண்டோஸ் கெட்டுவிட்டது என்று ஃபார்மட் போட்டுக் கொடுத்தார்கள். இரண்டு நாள் ஓடியது. மறுபடியும் அதே கதை, மறுபடியும் ஃபார்மட். இந்த முறை நானும் கூடவே உட்கார்ந்திருந்தேன். இன்ஸ்டால் பாதியில் இருக்கும்போதே, ஒரு ஃபைலைப் படிக்க முடியவில்லை என்று நின்றது. இரண்டாவது தடவை அதே பென் டிரைவிலிருந்து சரியாக ஏறியது. புதிதாக ஏறிக்கொண்டிருக்கும் விண்டோஸ் அதற்குள் எப்படிக் கெட்டிருக்கும்? அப்போதுதான் கோளாறு வேறெங்கோ இருக்கிறது என்று பட்டது.

அடுத்து நடந்ததுதான் என்னை உண்மையில் பயமுறுத்தியது. கேமரா கார்டிலிருந்து காப்பி செய்த படங்களில் சில, பாதிக்குக் கீழே சாம்பல் நிறமாகத் திறந்தன. அதில் ஒன்று தாலி கட்டும் படம். கார்டில் இருந்த அதே படம் நன்றாக இருந்தது. ஒரு ஃபைலைக் காப்பி செய்யும்போது அது ரேம் வழியாகத்தான் போகிறது. அங்கே ஒரு பிட் மாறினாலும், மாறியதுதான் டிஸ்க்கில் எழுதப்படும். எந்த எச்சரிக்கையும் வராது. கிராஷ் ஆனால் திரும்ப ஆன் செய்துகொள்ளலாம், ஒரு குடும்பத்தின் படம் போனால் யார் திருப்பித் தருவது? அன்றிலிருந்து ஆல்பத்தைக் கையில் கொடுக்கும்வரை கார்டை அழிப்பதில்லை.

ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 பிளஸ் என்ற புரோகிராமை பென் டிரைவில் ஏற்றி, விண்டோஸுக்குள் போகாமல் நேராக அதிலிருந்து பூட் செய்தேன். இருபதாவது நிமிடம் சிவப்பு வரிகள் வரத் தொடங்கின. இந்தச் சோதனையில் ஒரே ஒரு பிழை வந்தாலும் அது பிழைதான், ஒன்றுதானே என்று விடக்கூடாது.

அந்த இரவே புது ரேம் ஆர்டர் போடப் போனேன். போட்டிருந்தால் பணம் வீண். 8 ஜிபி ரேம் இரண்டு, ஸ்லாட் இரண்டு. கம்ப்யூட்டரை அணைத்து, கரண்ட் வயரைப் பிடுங்கிவிட்டு, ரேமின் தங்க நிறக் கால்களை ரப்பரால் துடைத்தேன். ஒரு நேரத்தில் ஒரு ரேம், ஒரு ஸ்லாட் என்று மாற்றி மாற்றிப் போட்டு, ஒவ்வொன்றையும் மணிக்கணக்கில் ஓடவிட்டு நோட்டில் எழுதினேன். முதல் ஸ்லாட்டில் எந்த ரேமைப் போட்டாலும் பிழை இல்லை. இரண்டாவது ஸ்லாட்டில் எதைப் போட்டாலும் பிழை. ஆக, ரேம் இரண்டும் நல்லவை.

மதர்போர்டே போச்சு என்று உட்கார்ந்திருந்தபோதுதான், இதெல்லாம் எப்போது தொடங்கியது என்று யோசித்தேன். சித்திரையில் சூடு அதிகமாக இருக்கிறதென்று பிராசஸர் மேல் இருக்கும் கூலரைக் கழற்றி, சூட்டைக் கடத்தும் பேஸ்ட்டைப் புதிதாக வைத்திருந்தார்கள். அதற்கு முந்தைய மூன்று வருடத்தில் ஒரு கிராஷ்கூட இல்லை. என் போர்டில் சின்னச் சின்ன பின்கள் சாக்கெட்டில்தான் இருக்கின்றன, பிராசஸர் அவற்றின் மேல் அழுத்தத்தில் உட்காருகிறது. ரேமைக் கவனிக்கும் பகுதி பிராசஸருக்குள்ளேயே இருப்பதால், இரண்டு ஸ்லாட்டின் தொடர்பும் அந்தப் பின்கள் வழியாகத்தான். திறந்து பார்த்தால், கூலரின் ஒரு பக்கத்து ஸ்க்ரூ இறுகிக் கிடந்தது, எதிர்ப்பக்கத்து ஸ்க்ரூ விரலுக்கே சுற்றியது. நான்கையும் தளர்த்தி, குறுக்குக் குறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினேன். அன்று இரவு இரண்டாவது ஸ்லாட்டில் நான்கு சுற்று ஓடியது, ஒரு பிழைகூட இல்லை. பின் வளைந்திருந்தால் இவ்வளவு சுலபமாக முடிந்திருக்காது. படங்களை எல்லாம் கார்டிலிருந்து மறுபடியும் காப்பி செய்தேன்.

உங்களுக்கு நடந்ததை எழுதுங்கள். எதை மாற்றினீர்கள் என்பதோடு, எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்பதையும்.

*

அண்ணா, உங்களுக்கு ப்ளூ ஸ்கிரீனாவது வந்தது. எனக்கு அதுவும் வராது. கரண்ட் போன மாதிரி பட்டென்று அணைந்து, தானாகத் திரும்ப எழும். விண்டோஸ் நடந்ததையெல்லாம் பதிந்துவைக்கும் ஈவென்ட் வியூவரில் பார்த்தால் ஒவ்வொரு முறையும் கெர்னல் பவர் 41. நானும் அதைத்தான் நோயின் பெயர் என்று நினைத்து நாள் கணக்கில் தேடினேன். முறையாக ஷட்டவுன் ஆகாமல் நின்றுபோனது என்பதை மட்டும்தான் அது சொல்கிறது, காரணத்தைச் சொல்வதில்லை.

யுபிஎஸ் பேட்டரியை மாற்றினேன், பலனில்லை. வீடியோ எக்ஸ்போர்ட் செய்யும்போது மட்டும்தான் அணைகிறது என்பதைக் கவனிக்க எனக்கு ஒரு மாதம் ஆனது. எலக்ட்ரீஷியனான சித்தப்பாவிடம் மல்டிமீட்டர் வாங்கி, கம்ப்யூட்டருக்குள் எல்லாவற்றுக்கும் கரண்ட் கொடுக்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸில் சும்மா தொங்கிய நான்கு பின் கனெக்டரில் மஞ்சள் வயருக்கும் கறுப்பு வயருக்கும் இடையே அளந்தேன். சும்மா இருக்கும்போது 11.9 வோல்ட். எக்ஸ்போர்ட் போட்டதும் 11.2. அந்த மஞ்சள் வயரில் 11.4க்கும் 12.6க்கும் இடையில் இருக்க வேண்டும். மானிட்டரிங் சாஃப்ட்வேர் மட்டும் அப்போதும் 12.1 என்றே காட்டிக்கொண்டிருந்தது, அதை நம்பித்தான் ஒரு மாதம் ஓட்டினேன். ஏழு வருடம் உழைத்த எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றினேன். அப்புறம் ஐந்து மாதமாக ஒரு தடவைகூட அணையவில்லை.

ஒன்று மட்டும் தயவுசெய்து கேளுங்கள். எஸ்எம்பிஎஸ் மூடியைக் கழற்றாதீர்கள். உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் இருக்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் நிற்கும்.

*

என்னுடையது பள்ளிக்கூடத்து மதிப்பெண் வேலை செய்யும் பழைய கம்ப்யூட்டர். மவுஸ் நகரும், எதைக் கிளிக் செய்தாலும் நடக்காது, டிஸ்க் லைட் அணையாமல் எரியும். ஒரு நிமிடம் கழித்துத் தானாகச் சரியாகும், சில நாள் ப்ளூ ஸ்கிரீனில் போய் முடியும். ஹார்ட் டிஸ்க் போய்விட்டது என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். முதல் வேலையாக ஃபைல்களை வேறு இடத்தில் பத்திரப்படுத்திவிட்டு, டிஸ்க் தன் நிலைமையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் கணக்கைப் பார்த்தேன். கெட்ட செக்டார்களைச் சொல்லும் 5, 197 இரண்டு வரிகளும் பூஜ்யம். 199 மட்டும் தினமும் ஏறிக்கொண்டிருந்தது. டிஸ்க்குக்கும் போர்டுக்கும் நடுவே வழியில் சிதைந்துபோகும் தகவலின் எண்ணிக்கை அது. அதனால் டிஸ்க்கைத் தொடாமல் சாட்டா கேபிளை மட்டும் மாற்றினேன். அந்த எண் ஏறினால் ஏறியதுதான், குறையாது. கேபிள் மாற்றிய அன்று 412. இன்று காலையிலும் 412.