தொப்பூர் ஏற்றத்தில் மட்டும் டிரெய்லர் வண்டி சூடாகிறது, ரேடியேட்டர்தான் காரணமா?

சேலம் டிரெய்லர்:
அண்ணன்மாரே, சேலத்திலிருந்து ஓசூருக்கு இரும்பு ஏற்றிப் போகிற 40 அடி டிரெய்லர். சமதளத்தில் எவ்வளவு நேரம் ஓட்டினாலும் டெம்பரேச்சர் முள் நடுவை விட்டு அசையாது. தொப்பூர் ஏற்றத்தில் லோடோடு ஊர்ந்தால் பாதி மலையிலேயே சிவப்பைத் தொட்டுவிடுகிறது. காலியாக வந்தால் ஒன்றுமில்லை. கூலன்ட் ஓட்டத்தைச் சூட்டுக்கேற்பத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட் வால்வை மாற்றியாச்சு, பலனில்லை. இப்போது பட்டறையில் ரேடியேட்டரையே மாற்றச் சொல்கிறார்கள். அவ்வளவு பணம் போடுவதற்கு முன்னால் வேறு எதைப் பார்க்கலாம்?

பட்டறைக்காரன்:
தெர்மோஸ்டாட் மூடியபடி சிக்கியிருந்தால் சமதளத்திலேயே சூடேறியிருக்கும் தம்பி. வேகமாகப் போகும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர வைத்துவிடும், ஆனால் ஏற்றத்தில் எஞ்சின் முழு பாரம் இழுக்கும், வண்டியோ ஆள் நடக்கிற வேகம், அப்போது ஃபேனை விட்டால் நாதியில்லை. முதலில் விஸ்கஸ் ஃபேனைப் பார், அதாவது சூடேறினால் மட்டும் கிளட்ச் பிடித்து வேகமாகச் சுற்றுகிற ரேடியேட்டர் ஃபேன். அதன் கிளட்சுக்குள் சிலிக்கோன் எண்ணெய் இருக்கும், அது கசிந்துபோனால் சூட்டில் பிடிக்க வேண்டிய ஃபேன் பிடிக்காது. எஞ்சினை அணைத்து நன்றாக ஆறிய பிறகு கையால் சுற்று. கொஞ்சம் இறுக்கம் தெரிய வேண்டும், ராட்டினம் மாதிரி சுற்றிக்கொண்டே இருந்தால் கிளட்ச் போச்சு. முள் ஏறும்போது ஃபேன் ‘ஓ’வென்று இரைகிறதா என்றும் காது கொடுத்துக் கேள்.

லோடு டிரைவர்:
அண்ணன் சொன்னது சரி. அதோடு இன்டர்கூலருக்கும் (டர்போ காற்றைக் குளிர வைப்பது) ரேடியேட்டருக்கும் நடுவில் டார்ச் அடித்துப் பாருங்க, பஞ்சும் பூச்சியும் மண்ணும் மெத்தை போட்டிருக்கும், முன்னாலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. ஏற்றம் தொடங்கும் முன்பே ஒரு கியர் குறைத்துவிடுங்க. ஆர்பிஎம் ஏறினால்தான் வாட்டர் பம்பும் ஃபேனும் வேகமாகச் சுற்றும், பெரிய கியரில் முக்கிக்கொண்டு போனால் சூடுதான் மிச்சம். முள் ஏறினால் ஏசியை அணைத்து ஹீட்டரை முழுசாகத் திறந்துவிடுங்க, காலில் அனல் அடிக்கும், ஆனால் எஞ்சின் தப்பிக்கும். ஓரங்கட்டினாலும் உடனே ஆஃப் செய்யாமல் கொஞ்ச நேரம் ஐடிலில் விடுங்க. சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறந்து முகத்தை வேகவைத்துக்கொண்டவர்கள் நம் லைனிலேயே உண்டு.

மலைப்பாதை:
போர் தண்ணீர் ஊற்றுகிறீர்களா? உப்பு படிந்து குழாய் அடைத்துவிடும். கூலன்டும் சுத்த நீரும் பாதிக்குப் பாதி கலந்தால் கொதிநிலை சுமார் 107 டிகிரி, மூடி அழுத்தத்தைப் பிடித்தால் 120-ஐயும் தாண்டும். மூடியின் ரப்பர் தேய்ந்திருந்தால் அந்த லாபம் இல்லை. விலை குறைந்த சாமான், முதலில் அதை மாற்றுங்க. கூலன்ட் அளவு குறைந்துகொண்டே போய், டேங்கில் குமிழியும் ஓயாமல் வந்தால் ஹெட் கேஸ்கட் (எஞ்சின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் உள்ள அடைப்புத் தகடு) மேல் சந்தேகம், அது வேறு கணக்கு.

சேலம் டிரெய்லர்:
பார்த்தேன் அண்ணா, ஃபேன் சும்மா சுற்றுகிறது, கிளட்சைச் சுற்றி எண்ணெயில் தூசி அப்பிக் கிடக்கிறது. புது கிளட்ச் வரும்வரை ஃபேன் எப்போதும் எஞ்சினோடு சேர்ந்தே சுற்றும்படி போல்ட் போட்டு லாக் செய்து ஓட்டலாமா?

பட்டறைக்காரன்:
லாக் போட வசதியுள்ள கிளட்ச் என்றால் அவசரத்துக்குச் செய்யலாம். டீசல் கூடுதலாகக் குடிக்கும், ஆர்பிஎம்மை ஏற்றி விரட்டாதே. அப்படி வசதி இல்லாததில் துளை போட்டு வெல்டிங் வைக்க யாராவது வந்தால் வண்டியைத் தொடவே விடாதே, ஃபேன் உடைந்து பறந்தால் ரேடியேட்டரும் சேர்ந்து போகும்.