இன்றியமையாத வேலைக்கு ஏன் குறைந்த ஊதியம்?

கேள்வி

வணக்கம். நெடுநாளாக உறுத்திக்கொண்டிருக்கும் ஒரு கேள்வியை இங்கே வைக்கிறேன். ஒரு நகரத்தில் குப்பை அள்ளுவோர் ஒரு வாரம் வேலைக்கு வராவிட்டால் தெருவில் நடமாட முடியாது. படுக்கையில் கிடக்கும் முதியோரைப் பராமரிப்பவர்கள் ஒரே ஒரு நாள் வராவிட்டால் உயிருக்கே ஆபத்து நேரலாம். ஆனாலும் ஏறக்குறைய எல்லா நாடுகளிலும் ஊதியப் பட்டியலின் அடிமட்டத்தில்தான் இவர்கள் இருக்கிறார்கள்.

1968 பிப்ரவரியில் நியூயார்க்கின் தூய்மைப் பணியாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது ஒன்பதே நாள்களில் நகரம் திணறிப்போய்ச் சமரசத்துக்கு வந்தது. 1970இல் அயர்லாந்தின் வங்கிகள் மே முதல் நவம்பர் வரை மூடிக் கிடந்தபோதோ, மக்கள் ஒருவருக்கொருவர் காசோலை எழுதிக் கொடுத்து, அறிமுகமான கடைக்காரர்களின் நம்பிக்கையைக் கொண்டே ஆறு மாதங்களுக்கு மேல் சமாளித்துவிட்டார்கள். அப்படியானால், ஊதியம் வேலையின் பயனை அளக்கவில்லை என்பது தெளிவு. வேறு எதை அளக்கிறது? உழைப்பின் கடுமையையா, படிப்பையா, பொறுப்பையா? "சந்தை தீர்மானிக்கிறது" என்று ஒரே வரியில் முடித்துவிட வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன். சந்தை எதை வைத்துத் தீர்மானிக்கிறது என்பதே என் கேள்வி.

முதல் பதில்

பொருளியல் பாடம் நடத்துபவன் என்பதால் இந்தக் கேள்வியை மாணவர்களிடமிருந்து அடிக்கடி கேட்டிருக்கிறேன். நீங்கள் சொன்ன இரண்டு வேலைநிறுத்தங்களையும் அருகருகே வைப்பது கவர்ச்சியாக இருக்கிறது. ஆனால் நீங்கள் கருதுவதை அது நிறுவாது. அயர்லாந்தில் வேலையை நிறுத்தியவர்கள் சாதாரண வங்கி ஊழியர்கள்; பெருஞ்சம்பளம் வாங்கும் நிதித்துறைத் தலைவர்கள் அல்லர். மக்கள் எழுதிக்கொண்ட காசோலைகளும், வங்கிகள் என்றாவது திறக்கும், கணக்குத் தீரும் என்ற எதிர்பார்ப்பில்தான் கைமாறின. திறந்த பிறகு, குவிந்து கிடந்தவற்றைத் தீர்க்க மாதக்கணக்காயிற்று.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். ஒரு தொழில் முழுவதுமாக நின்றுபோனால் என்ன இழப்பு ஏற்படும் என்பதைத்தான் வேலைநிறுத்தம் காட்டுகிறது. ஊதியம் பேசப்படும் மேசையில் அந்தக் கேள்வி எழுவதே இல்லை. இந்த ஒருவர் விலகினால் இதே வேலையை இதே சம்பளத்துக்குச் செய்ய இன்னொருவர் எவ்வளவு எளிதில் கிடைப்பார் என்பதுதான் அங்கே எழும் கேள்வி. தண்ணீரைவிடப் பயனுள்ள பொருள் இல்லை, ஆனால் அதைக் கொடுத்து எதையும் வாங்க முடிவதில்லை. வைரத்தால் பெரும்பயன் ஏதும் இல்லை, ஆனால் அதற்கு ஈடாக ஏராளமான பொருள் கிடைக்கிறது என்று ஆடம் ஸ்மித் 1776இல் எழுதினார். அந்தப் புதிருக்கான விடையை 1871இல் இங்கிலாந்தில் ஜெவான்சும் ஆஸ்திரியாவில் மெங்கரும் தனித்தனியே வகுத்துத் தந்தார்கள். ஒரு பொருளின் மொத்தப் பயன் அதன் விலையை முடிவு செய்வதில்லை. கூடுதலாகக் கிடைக்கும் கடைசி அலகின் பயனே முடிவு செய்கிறது. குப்பை அள்ளும் பணியின் மொத்தப் பயன் அளவிட முடியாதது. ஆனால் அந்தப் பணிக்கு வரத் தயாராக இருப்பவர்கள் வாசலில் வரிசையாக நிற்கும்வரை, கூடுதலாக ஒருவரைச் சேர்த்துக்கொள்ள நிர்வாகம் அதிகம் கொடுக்க வேண்டிய தேவை எழாது.

உயர்மட்டத்தில் ஊதியம் விண்ணைத் தொடுவதற்கும் ஒரு காரணம் உண்டு. ஷெர்வின் ரோசன் 1981இல் விளக்கியதுபோல, ஒருவரின் வேலை ஒரே நேரத்தில் கோடிக்கணக்கானோரைச் சென்றடையக்கூடியதாக இருந்தால், திறமையில் உள்ள சிறு வேறுபாடுகூட வருமானத்தில் மலையளவு வேறுபாடாகிவிடுகிறது. ஒரு பாடகரின் பதிவை உலகமே கேட்கலாம். ஒரு செவிலியரால் ஒரே நேரத்தில் உலகத்தையே கவனித்துக்கொள்ள முடியாது.

இரண்டாம் பதில்

மேலே விளக்கியவர் சொன்னது கேட்பதற்கு நிறைவாக இருக்கிறது. ஆனால் அந்த விளக்கத்தில் மனிதர்கள் எடுத்த முடிவுகள் எதுவும் கண்ணில் படுவதில்லை. முதியோர் பராமரிப்புக்கு ஆள் கிடைக்கவில்லை என்ற முறையீடு பல நாடுகளில் ஆண்டுக்கணக்காக ஒலிக்கிறது. பற்றாக்குறை இருந்தும் ஊதியம் அதற்கேற்ப உயரவில்லையே, ஏன்? அருவருப்பான வேலைக்குக் கூலி கூடுதலாக இருக்கும் என்பது ஸ்மித்தின் கணக்கு. உண்மையில் மிகவும் களைப்பூட்டுகிற, மிகவும் வெறுக்கப்படுகிற வேலைகளுக்கே பெரும்பாலும் மிகக் குறைந்த கூலி கிடைக்கிறது என்றும், வேறு வழியில்லாதவர்கள் மட்டுமே அவற்றைச் செய்ய வருவதுதான் அதற்குக் காரணம் என்றும் ஜான் ஸ்டூவர்ட் மில் 1848இலேயே எழுதிவிட்டார். வாசலில் வரிசையாக நிற்கிறார்கள் என்கிறீர்கள். அவர்களை வேறு எந்த வாசலிலும் நிற்கவிடாமல் செய்தது யார் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டாமா?

நான் பணியாற்றும் நிறுவனத்தில் வேலை மதிப்பீட்டுக் குழுவில் தொழிலாளர் தரப்புப் பிரதிநிதியாக இருந்திருக்கிறேன். ஒவ்வொரு பணிக்கும் திறன், முயற்சி, பொறுப்பு, பணிச்சூழல் என்று நான்கு தலைப்புகளில் புள்ளி போடுவார்கள். புள்ளிகளின் கூட்டுத்தொகைதான் தரநிலை, தரநிலைதான் சம்பளம். வெளியிலிருந்து பார்த்தால் அறிவியல் போலத் தெரியும். உள்ளே உட்கார்ந்து படிவத்தைப் படித்தால்தான் விஷயம் புரியும். எத்தனை கிலோ எடையைத் தூக்குகிறார் என்பதற்கு ஒரு வரி இருந்தது. எத்தனை பேரை மேற்பார்வை செய்கிறார், எவ்வளவு பணத்தைக் கையாளுகிறார் என்பதற்கும் வரிகள் இருந்தன. நினைவு தடுமாறி அடிக்கக் கையோங்கும் நோயாளியை மருந்தில்லாமல் பேசியே அமைதிப்படுத்துவதற்கு எந்த வரியும் இல்லை. எழுபது கிலோ எடையுள்ள ஒருவரைக் கட்டிலில் புரட்டிப் படுக்கவைப்பதை "எடை தூக்குதல்" என்று ஏற்கக்கூட ஒரு கூட்டம் முழுவதும் வாதாட வேண்டியிருந்தது. சரக்குக் கிடங்கில் பெட்டியைத் தூக்குபவருக்கு அந்தப் புள்ளி எந்தக் கேள்வியும் இல்லாமல் கிடைத்திருந்தது.

இது எங்கள் ஒரு நிறுவனத்தோடு நிற்கும் கதை இல்லை. 1968இல் இங்கிலாந்தின் டாகன்ஹாம் நகரில் இருந்த ஃபோர்டு ஆலையில் கார் இருக்கை உறைகளைத் தைத்த 187 பெண்கள் வேலையை நிறுத்தினார்கள். மறுமதிப்பீட்டில் அவர்களுடைய பணியைத் திறன் குறைந்த "பி" தரநிலையில் வைத்திருந்தார்கள். அந்தத் தரநிலையிலும் ஆண்களுக்குக் கொடுத்ததில் 85 விழுக்காடுதான் பெண்களுக்கு. மூன்று வாரப் போராட்டத்தின் முடிவில் விகிதம் 92 விழுக்காடாக உயர்ந்தது. 1970இல் சம ஊதியச் சட்டம் இயற்றப்படவும் அந்தப் போராட்டம் தூண்டுதலாக இருந்தது. ஆனால் அவர்கள் முதன்முதலில் கேட்டது, தங்கள் வேலை திறன் வேண்டும் வேலை என்ற ஏற்பை. அது கிடைக்க 1984இல் இன்னொரு வேலைநிறுத்தம் தேவைப்பட்டது. பதினாறு ஆண்டுகளில் தையல் மாறவில்லை, ஊசி மாறவில்லை. அந்தப் பெண்களின் பேரம் பேசும் வலுதான் மாறியது.

எதிர்த்திசைக்கும் ஒரு சான்று தருகிறேன். ஐரோப்பாவைக் கொள்ளைநோய் சூறையாடிய பிறகு இங்கிலாந்தில் உழைக்க ஆள் இல்லாமல் போனது. முதல் பதிலில் உள்ள விதிப்படி கூலி உடனே உயர்ந்திருக்க வேண்டும். நில உடைமையாளர்கள் நிறைந்த நாடாளுமன்றம் 1351இல் சட்டம் போட்டு, கூலியை நோய்க்கு முந்தைய அளவிலேயே கட்டிவைக்க முயன்றது. அந்தச் சட்டத்தால் கூலி உயர்வைக் கடைசிவரை தடுக்க முடியவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். பற்றாக்குறைக்கு வலு உண்டு. அதை எதிர்த்து நிற்கும் வலுவும் உண்டு என்பதே நான் சொல்ல வருவது.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. வேலை மதிப்பீட்டுப் படிவம் பற்றி நான் கேள்விப்பட்டதே இல்லை. இரண்டு ஐயங்கள் மிஞ்சுகின்றன. படிவத்தில் விடுபட்ட வரிகளைச் சேர்த்துப் புள்ளிகளை உயர்த்திவிட்டால், அந்தக் கூடுதல் ஊதியத்தை யார் கொடுப்பது? அடுத்தது, வீட்டுக்குள் ஊதியமே இல்லாமல் இதே வேலையைச் செய்பவர்களை எந்தக் கணக்கில் வைப்பது?

மூன்றாம் பதில்

பராமரிப்பு நிறுவனம் ஒன்றின் கணக்குகளைப் பார்ப்பவள் என்ற முறையில், யார் கொடுப்பது என்ற கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். அதுதான் இந்த விவாதத்தின் முடிச்சு என்பது என் எண்ணம்.

தொழிற்சாலையில் இயந்திரம் மேம்பட்டால் ஒரே தொழிலாளி ஒரு மணி நேரத்தில் கூடுதல் பொருள்களைச் செய்துவிடுகிறார். ஊதியத்தை உயர்த்தினாலும் பொருளின் விலை ஏறுவதில்லை. நான்கு பேர் சேர்ந்து வாசிக்கும் இசைக்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு எத்தனை பேரும் எவ்வளவு நேரமும் தேவைப்பட்டனவோ, இன்றும் அவையே தேவை என்று வில்லியம் பாமோலும் வில்லியம் போவனும் 1966இல் சுட்டிக்காட்டினார்கள். ஒரு முதியவரைக் குளிப்பாட்டுவதும் அப்படித்தான். நேரத்தைப் பாதியாக்கினால் வேலையின் தரமும் பாதியாகிவிடும். ஆகவே மற்றத் துறைகளோடு ஒப்பிடும்போது பராமரிப்பின் செலவு ஆண்டுக்கு ஆண்டு கூடிக்கொண்டேதான் போகும். பெரும்பாலும் அந்தச் செலவை ஏற்பது அரசோ காப்பீடோதான். ஒரே பெரிய வாங்குபவர் விலையைக் கட்டிப்பிடித்து வைக்கும்போது, ஆள் பற்றாக்குறை ஊதிய உயர்வாக மாறுவதில்லை. காலியிடங்களாகவும், மிஞ்சியிருப்பவர்களின் மிகைப்பணியாகவும் மாறுகிறது. இரண்டாம் பதிலில் எழுப்பப்பட்ட கேள்விக்கு எனக்குத் தெரிந்த நேரடி விடை இதுதான்.

மாற்ற முடியும் என்பதற்கு நியூசிலாந்து ஒரு சான்று. பெண்களே மிகுதியாகச் செய்யும் வேலை என்பதாலேயே தன் ஊதியம் தாழ்த்தப்பட்டிருக்கிறது என்று ஒரு பராமரிப்புப் பணியாளர் வழக்குத் தொடுத்தார். வேறு துறைகளில் இதே அளவு திறனும் பொறுப்பும் தேவைப்படும் வேலைகளோடு ஒப்பிடலாம் என்ற கருத்தை நீதிமன்றங்கள் ஏற்றன. 2017இல் ஏறத்தாழ 55,000 பேருக்கு 15 முதல் 50 விழுக்காடுவரை ஊதிய உயர்வு கிடைத்தது. பணம் அரசின் கருவூலத்திலிருந்து, அதாவது வரி செலுத்துவோரிடமிருந்து வந்தது. வலிக்காமல் நடந்த மாற்றம் என்று நான் சொல்லமாட்டேன்.

வீட்டு வேலை குறித்து: பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2018இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, உலகில் நாள்தோறும் 1,640 கோடி மணி நேரம் ஊதியமில்லாப் பராமரிப்பில் செலவாகிறது. அது 200 கோடிப் பேர் தினமும் எட்டு மணி நேரம் கூலியின்றி வேலை செய்வதற்குச் சமம். அதில் முக்கால் பங்குக்கும் மேல் பெண்களின் உழைப்பு. நாட்டு வருமானக் கணக்கில் இதற்கு இடமில்லை. ஒருவர் தன் வீட்டுப் பணிப்பெண்ணை மணந்துகொண்டால் நாட்டின் வருமானம் குறைந்துவிடும் என்று பொருளியலாளர் பிகு கிண்டலாகக் குறிப்பிட்டது இதைத்தான். வீட்டுக்குள் இலவசமாகக் கிடைக்கும் வேலைக்கு வெளியே மட்டும் ஏன் நிறையக் கொடுக்க வேண்டும் என்ற எண்ணம், சம்பளம் பேசும்போது வாய்விட்டுச் சொல்லப்படாமலே உள்ளே இருக்கிறது. அன்போடு செய்கிறவர்கள் பணத்துக்காகச் செய்ய மாட்டார்கள் என்ற பேச்சும் அதே வகைதான். அறுவை மருத்துவரிடம் யாரும் அப்படிச் சொல்லிக் கட்டணத்தைக் குறைப்பதாக நான் கேட்டதில்லை.

கேள்வி கேட்டவர் இதைத் தொடர்ந்து ஆராய விரும்பினால், ஊதிய விகிதத்தோடு நிறுத்திக்கொள்ளாமல், எந்த நேரத்துக்கு ஊதியம் கணக்கிடப்படுகிறது என்பதையும் பாருங்கள். வீடு வீடாகச் சென்று பராமரிப்பவர்களுக்கு, வீட்டுக்குள் இருக்கும் நிமிடங்களை மட்டும் கணக்கில் எடுத்து, ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குச் செல்லும் நேரத்தை விட்டுவிடும் ஒப்பந்தங்கள் உண்டு. தாளில் மணிக்கு இவ்வளவு என்று சட்டப்படி சரியாகத்தான் எழுதியிருக்கும். காலையில் கிளம்பி மாலையில் திரும்பும்வரை ஆன மொத்த நேரத்தால் வகுத்துப் பார்த்தால் அந்தத் தொகை வேறு.